சனிக்கிழமைக் கையெழுத்து

ஜூன் 9, திங்கள்

விதைப்பு முடிந்தது. கிணற்றடி வயல் முழுக்கத் தொழில்சணல். இந்த மாவட்டத்தில் சிறு விவசாயிகள் ஐந்து பேருக்குத்தான் அனுமதி கிடைத்திருக்கிறது. அதில் வேப்பங்கோம்பை வீரணனாகிய நான் ஒருவன். காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன், என் பேரில் ஒரு புகார் கிடையாது. அதனால்தான் என் மனு முதலில் தேறியது என்று வேளாண் அலுவலர் பிரிசில்லா சொன்னார்.

பார்வைக்குக் கஞ்சாச் செடியேதான். இனமும் அதுதான். ஆனால் இது போதைச் சத்து அற்றுப்போகும் அளவுக்குக் குறைத்து உண்டாக்கிய ரகம். தண்டை ஊறவைத்து உரித்தால் நார். துணி நெய்யலாம், கயிறு திரிக்கலாம். விதையை அரசே கொடுத்தது. விளைந்ததை ஒரு நெசவாலை வாங்கிக்கொள்ளும்.

நிபந்தனைகள் நிறைய. சுற்றிலும் கம்பி வேலி, மூலைக்கு மூலை கேமரா, வாசலில் அறிவிப்புப் பலகை, சனிக்கிழமைதோறும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து. மற்ற நான்கு பேரும் கையெழுத்து என்றதும் முகம் சுளித்தார்கள். நான்தான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். இப்படி ஒரு செடியை வளர்க்க விடுகிற அரசாங்கம் ஒரு கண் வைத்துக்கொள்ளாதா?

என் மனைவி பவுன்தாய்க்கு மட்டும் மனசில்லை. "வாரா வாரம் கையெழுத்துப் போடுறவுக யாரு? கேடிங்கதான?" என்று கேட்டாள். சட்டம் அவளுக்குப் புரியாது.

ஜூன் 14, சனி

முதல் கையெழுத்து. எஸ்.ஐ. நவநீதன் சின்ன வயசுக்காரர். எழுந்து நின்று கைகொடுத்தார், நாற்காலி போடச் சொன்னார், டீ வந்தது. உங்களைப் போன்றவர்கள் முன்வந்தால்தான் இந்தத் திட்டம் உருப்படும் என்றார். மனசுக்கு நிறைவாக இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் பழைய கேஸ்காரர்கள் ஏழெட்டுப் பேர் கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள். அவர்களை உடனே விட்டுவிடுகிறார் இந்த எஸ்.ஐ. என் காலத்தில் காலையில் வரச்சொல்லிச் சாயந்தரம்தான் நோட்டை நீட்டுவேன். காத்துக் கிடப்பதும் ஒரு பாடம்.

ஜூன் 22, ஞாயிறு

முளைத்துவிட்டது. ஊரில் உள்ள குருவியெல்லாம் இங்கேதான். நாள் முழுக்கத் தகரம் தட்டிக் கை மரத்துவிட்டது.

ஜூலை 12, சனி

எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். வாசலில் பாராக் காவலுக்கு இருந்த போலீஸ் பையன் புதுசு. நான் யார் என்று சொல்ல வாயெடுத்தேன். "எல்லாரும் மரத்தடியில நில்லுங்க, கூப்பிடுவோம்" என்றான். எல்லாரும் என்றால் நானும்தான்.

மரத்தடியில் ஆடு திருடிப் பலமுறை உள்ளே போன சடையன் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, "ஏட்டய்யா, இங்கிட்டு வாங்க, நிழல் இருக்கு" என்று துண்டால் கல்லைத் தட்டி இடம் விட்டான். நான் போகவில்லை. வெயிலிலேயே நின்றேன். மதியச் சாப்பாட்டு வேளைக்குத்தான் கூப்பிட்டார்கள்.

விவசாயம் பார்க்கிறவனையும் ஆடு திருடியவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது என்ன முறை? நான் நிறுத்தி வைத்ததெல்லாம் குற்றவாளிகளை. அது வேறு.

முகம் ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது என்று பவுன்தாய் கேட்டாள். வெயில் என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆளுயரம் தாண்டிவிட்டது. காற்றடித்தால் வயல் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே மாதிரி நிமிர்கிறது. பருத்திக்கு அடித்ததில் பாதி மருந்துகூட இதற்கு அடிக்கவில்லை. களைக்கு வெயிலே விடவில்லை இது.

ஊர் வாய்தான் அடங்கவில்லை. பஸ் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தைக் கஞ்சாத் தோட்டம் என்று கூவி இறக்கிவிடுகிறான். இளவட்டங்கள் வேலிக்கு வெளியே நின்று படம் பிடிக்கிறார்கள். அறிவிப்புப் பலகையைப் படிக்கிறவன் ஒருவனும் இல்லை.

இன்று வேலியோரம் மொக்கராசு நின்றிருந்தான். பவுன்தாயின் தம்பி. அவனும் நானும் பேசிப் பல வருஷம் ஆகிறது. அவன் தோட்டத்துக் கொட்டகையில் கஞ்சாப் பொட்டலம் இருந்ததாக ஒரு வழக்கு. மூன்று வருஷத்துக்குக் கிட்ட மதுரைச் சிறையில் கிடந்தான். கடைசியில் பொட்டலம் அவனுடையது இல்லை என்று கோர்ட்டு விட்டுவிட்டது. நான் அப்போது பக்கத்து ஸ்டேஷனில் இருந்தேன். ஒரு வார்த்தை போய்ப் பேசுங்கள் என்று பவுன்தாய் எவ்வளவோ அழுதாள். நான் போகவில்லை. மச்சினன் என்பதற்காகத் தலையிட்டால் அதற்குப் பேர் நேர்மையா?

அவன் செடியைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், போய்விட்டான். சிரித்தானா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

உச்சியில் பூ எட்டிப் பார்க்கிறது. பிரிசில்லாவுக்குப் போன் செய்தேன். மத்தியானமே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். நல்ல பெண், வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறவர்.

அவர் சொன்னது: பூ எடுத்த புதிதில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். போதைச் சத்து வரம்புக்குள் இருந்தால் அறுவடைக்கு அனுமதி. தாமதித்தால் செடி முற்ற முற்ற அந்தச் சத்து ஏறிக்கொண்டே போகும். மாதிரி எடுக்க வேளாண்மை, வருவாய், போதைத் தடுப்புப் போலீஸ் மூன்று துறையும் சேர்ந்து வர வேண்டும். தனியாக வந்து அவரால் ஒரு இலையைக்கூடக் கிள்ள முடியாது.

இந்த வாரமே வரச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

செப்டம்பர் 4, வியாழன்

வரவில்லை. தாசில்தாருக்கு ஆய்வுக் கூட்டமாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வரவில்லை. போதைத் தடுப்புப் பிரிவில் வண்டி பழுதாம்.

செப்டம்பர் 13, சனி

கையெழுத்துப் போடப் போனபோது எஸ்.ஐ.யிடம் கேட்டேன். பயிர் முற்றுகிறது, நாளாக ஆக வரம்பு தாண்டிவிடும், பெரியவர்களிடம் நீங்கள் சொல்லக் கூடாதா என்றேன். அது தன் வேலை இல்லை என்றார். அப்படியானால் நானே அறுத்துவிடட்டுமா என்றேன். அதுவரை சிரித்த முகமாக இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அனுமதி இல்லாமல் அறுத்தால் கேஸ் போட வேண்டியிருக்கும் என்றார்.

அறுத்தால் குற்றம். அறுக்காமல் விட்டால் செடியே குற்றமாகிவிடும். இந்தச் சட்டத்தை எழுதியவன் ஒருநாளாவது ஒரு செடி வளர்த்திருப்பானா?

செப்டம்பர் 24, புதன்

வந்தார்கள். மூன்று ஜீப்.

போதைத் தடுப்புப் பிரிவு அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. நல்ல வெயில் படுகிற தென்மேற்கு மூலையில், உச்சிக் கொழுந்துப் பூவை மட்டும் நறுக்கிப் பையில் போட்டார். வயலில் பல இடத்தில், இலையும் தண்டும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று பிரிசில்லா சொன்னார். கண்ணாடிக்காரர் எங்களுக்கும் தெரியும் மேடம் என்றார். அந்தப் பெண் விடவில்லை. விதியை வாசித்துக் காட்டி, வேறு ஆறேழு இடத்திலும் எடுக்க வைத்தார். எல்லாவற்றையும் கலந்து இரண்டு பொட்டலமாக்கி அரக்கு வைத்தார்கள். ஒன்று சோதனைக்கு. இன்னொன்று மேல்முறையீடு வந்தால் பிரிக்க.

போகும்போது பிரிசில்லா என்னிடம், நான் நான்கு தடவை எழுதினேன் சார் என்றார். முகம் பார்க்காமல் சொன்னார்.

அக்டோபர் 8, புதன்

வரம்பைத் தாண்டிவிட்டதாம். ஒரு மயிரிழை. ஐந்து பேரில் மூன்று பேர் பயிர் தாண்டியிருக்கிறது.

எஸ்.ஐ. போன் செய்து வரச்சொன்னார். போனேன். இந்த முறை யாரும் நாற்காலி போடவில்லை. வரம்பு தாண்டினால் சட்டப்படி அது கஞ்சா, வளர்த்தவர் மேல் வழக்கு என்றார். விதை யார் கொடுத்தது, வேலி யார் போடச் சொன்னது, பூத்த அன்றே போன் செய்தவன் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். நான் சொன்னதை இல்லை, அவர் எழுத வேண்டியதை. எனக்குத் தெரியாதா? அந்த மேஜையில் நான் எழுதாததா?

இரண்டாவது பொட்டலத்தைச் சோதிக்கச் சொல்லி அங்கேயே மேல்முறையீடு எழுதிக்கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பயிரை அழிக்கும் உத்தரவு அதற்காகக் காத்திருக்காதாம். எரித்த பிறகு சோதனை முடிவு வந்து யாருக்கு என்ன பிரயோசனம் என்றேன்.

பிறகு கைரேகைக்கு மைப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். பத்து விரலும். பாராவில் இருந்த அதே பையன் என் விரலைப் பிடித்து உருட்டினான். கையைத் தளர்வாக விடுங்க என்று அதட்டினான். முதல் தடவை பதியவில்லை, மறுபடியும் உருட்டினான்.

உள்ளூர் ஆள் ஒருவர் பொறுப்பேற்றால் வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் நாளைக்குக் கோர்ட்டு என்றார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களுக்குப் போன் செய்தேன். ஒருவர் மகள் வீட்டில் இருக்கிறாராம். ஒருவருக்கு முட்டி வலி. இன்னொருவர், வேற கேஸாக இருந்தால் ஓடி வந்திருப்பேன் வீரணா, இது கஞ்சா கேஸ் ஆச்சே என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

சாயந்தரம் பவுன்தாய் வந்தாள். பின்னால் மொக்கராசு. அவன் ஆதார் அட்டையை மேஜையில் வைத்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். அந்த ஸ்டேஷனுக்குள் நுழையும்போது அவன் வாசல்படியிலேயே கொஞ்சம் நின்றதைக் கவனித்தேன்.

வெளியே வந்ததும், "பசிக்குதா மச்சான்?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன்.

அக்டோபர் 11, சனி

எரித்துவிட்டார்கள்.

தானே முன்வந்து அழிக்கச் சம்மதித்ததாக ஒரு தாளை நீட்டினார்கள். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் முன்வரவில்லை, எனக்குச் சம்மதமில்லை, பிறகு எப்படிப் போடுவது? கண்ணாடிக்காரர் மறுத்ததாகக் குறித்துக்கொள் என்றார். டிராக்டர் ஏறியது. வெட்டிக் குவித்து டீசல் ஊற்றினார்கள். பச்சைச் செடி, லேசில் பிடிக்கவில்லை. புகைதான் வந்தது. மறுபடியும் ஊற்றினார்கள். ஒரு நிருபர் வந்து படம் எடுத்தார். பயிரின் பின்னால் நான் நிற்பது மாதிரி வர வேண்டும் என்று இடம் மாறச் சொன்னார்.

மொக்கராசு காலையிலிருந்து மோட்டாரைப் போட்டுப் பக்கத்து வயல் வரப்பை நனைத்துக்கொண்டே இருந்தான். தீ அங்கே தாவிவிடக் கூடாது என்று. யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

தண்டில் பாதி உயரத்துக்கு நார் வந்திருந்தது. தீயில் விழாத ஒரு தண்டைக் கையால் உரித்துப் பார்த்தேன். பட்டு மாதிரி.

அக்டோபர் 13, திங்கள்

பேப்பரில் வந்திருக்கிறது. முன்னாள் ஏட்டு தோட்டத்தில் கஞ்சா. அரசு அனுமதி என்ற சொல் எங்கேயும் இல்லை. சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். மாமனார் வீட்டில் கேட்கிறார்களாம். என்ன சொல்லட்டும் அப்பா என்றாள். உண்மையைச் சொல் என்றேன். எது உண்மை என்று ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். யாரும் வரவில்லை.

நவம்பர் 6, வியாழன்

பிரிசில்லா வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் முற்றத்திலேயே நின்றார். இரண்டாவது பொட்டலத்தின் முடிவு வந்துவிட்டது. வரம்புக்குள்தான் இருக்கிறது. முதல் ஆய்வகம் பூவை மட்டும் பிரித்து எடுத்துச் சோதித்திருக்கிறது. விதிப்படி மொத்தத்தையும் சேர்த்து அரைத்துச் சோதித்திருக்க வேண்டும். மூன்று பேர் பயிருமே சுத்தம்.

பவுன்தாய் அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு இன்னொன்று சொன்னார். மலையடிவாரத்தில் ஒரு பெரிய கம்பெனிக்கும் இதே சணலுக்கு அனுமதி உண்டு. எங்களைவிடப் பல மடங்கு நிலம். அவர்களுடைய மாதிரி எங்களுடையதைவிட அதிகமாக வரம்பு தாண்டியது. மறுசோதனை முடியும்வரை அவர்கள் பயிரில் யாரும் கை வைக்கவில்லை. போன வாரம் அறுவடை முடித்துவிட்டார்கள்.

விதி ஒன்றுதானே என்றேன். ஒன்றுதான் சார் என்றார்.

இதைக் கேட்டு மேலே எழுதியதற்காக அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். திங்கள்கிழமை கிளம்புகிறார். நியாயமாகப் பார்த்தால் நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 8, சனி

காலையில் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். பவுன்தாயும் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் மொக்கராசு நின்றான். அவள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

எஸ்.ஐ. நவநீதன் இன்று எழுந்து நின்றார். முடிவு அவருக்கும் வந்துவிட்டது. தவறுதலான வழக்கு என்று முடித்துவிடுவதாகவும், இனிமேல் சனிக்கிழமைகளில் நான் அலைய வேண்டாம் என்றும் சொன்னார். டீ சொல்லட்டுமா என்றார்.

நான் புகார் கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன். என் வயலில் அத்துமீறி நுழைந்து, பயிரை வெட்டி எரித்துவிட்டார்கள். யார் என்று கேட்டார், தெரியாதவர் போல. தேதியைச் சொன்னேன்.

"ஏட்டய்யா, உங்களுக்குத் தெரியாததா? உத்தரவு, எரிச்சோம். இப்ப வேற முடிவு வந்துருச்சு, கேஸை எடுத்துட்டோம். இதோட விட்டுருங்களேன்."

"சார், அது கஞ்சான்னா என்னைய உள்ள போடுங்க. கஞ்சா இல்லேன்னா எரிச்சவுக மேல கேஸ் போடுங்க. ரெண்டுல ஒண்ணு எழுதாம நான் இங்கிருந்து போகமாட்டேன்."

அவர் என்னை விட்டுவிட்டுப் பவுன்தாய் பக்கம் திரும்பினார். அம்மா, நீங்களாவது சொல்லுங்கள், வழக்குதான் முடிந்துவிட்டதே, ஐயாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்றார்.

பவுன்தாய் சத்தமே போடவில்லை. "என் தம்பி ஜெயிலவிட்டு வந்த அன்னைக்கும் இதத்தான் சொன்னாக. விட்டாச்சுல்ல, இன்னும் என்னத்துக்கு நியாயம் பேசுற, வீட்டுக்குப் போன்னு."

யாரைப் பார்த்து இதைச் சொன்னாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. மொக்கராசு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கையெழுத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். பயிரை எரிகொடுத்த மற்ற இரண்டு விவசாயிகளும் விஷயம் கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்றார்கள். எஸ்.ஐ. வெளியே போய்ப் போன் பேசினார், உள்ளே வந்தார், மறுபடியும் போனார். மதியம் தாண்டி ரைட்டரைக் கூப்பிட்டு எழுதிக்கொள் என்றார்.

எதிரிகள் பெயர் என்று ரைட்டர் கேட்டார். சொன்னேன். மூன்று துறையையும் சொன்னேன், கண்ணாடிக்காரர் பெயரைச் சொன்னேன், உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் பதவியைச் சொன்னேன். எஸ்.ஐ. நவநீதன் என்று வந்தபோது ரைட்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். எழுது என்று அவரே சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் ஆள் பரவாயில்லை.

ரசீது கொடுத்தார்கள். இது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். மேலே இருக்கிறவர்கள் கிடப்பில் போடுவார்கள். போடட்டும், கோர்ட்டுக்குப் போவேன்.

வரும் வழியில் மொக்கராசு அவன் தெருப் பக்கம் திரும்பினான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். அவன் அக்காவைப் பார்த்தான். வந்தான். பவுன்தாய் முதல் தட்டை அவனுக்குத்தான் வைத்தாள்.

நவம்பர் 17, திங்கள்

சென்னையிலிருந்து ஒரு அதிகாரி போனில் பேசினார். அடுத்த ஆண்டு திட்டத்தை மாவட்டம் முழுவதும் விரிவாக்குகிறார்களாம், எங்கள் ஐந்து பேரை முன்னோடி விவசாயிகளாக மேடையில் உட்காரவைக்க விருப்பமாம். பொன்னாடை உண்டு, புகைப்படம் உண்டு.

எரித்த பயிருக்கு இழப்பீடு என்ன ஆயிற்று என்றேன். அது பரிசீலனையில் இருக்கிறது என்றார். மாதிரி எடுக்க இத்தனை நாளைக்குள் வர வேண்டும், வராவிட்டால் விவசாயி அறுக்கலாம் என்று விதியை மாற்றுவீர்களா என்றேன். பரிசீலிப்போம் என்றார். சனிக்கிழமைக் கையெழுத்து? அது பாதுகாப்பு நடைமுறை என்றார்.

கம்பெனிக்காரரும் வாரா வாரம் வந்து மரத்தடியில் நின்று கையெழுத்துப் போடுகிறாரா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நான் மறுபடியும் கூப்பிடவில்லை.

கிணற்றடி வயலில் இன்று மொக்கராசும் நானும் ஏர் ஓட்டினோம். சாம்பல் மண்ணோடு கலந்துவிட்டது. என்ன போடலாம் என்றான். சோளம் போடுவோம் மாப்ள என்றேன். சோளத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.